கோபக்காரன் கற்ற ஓர் ஆங்கிலச் சொல்

1986ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். “ஐயா, ‘டெம்பர்’ என்றால் கோபம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ‘டெம்பரன்ஸ்’ என்றால் தன்னடக்கம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஒரே சொல்லின் தலை கோபமாகவும் வால் அடக்கமாகவும் இருப்பது எப்படி?” என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அவன் என்னைக் கேலி செய்வதாக எனக்குப் பட்டது. “இரண்டும் வேறு வேறு சொற்கள். உட்காரடா!” என்று மேசையை ஓங்கி அறைந்தேன். கையில் இருந்த சுண்ணக்கட்டி தூளாகிப்போயிற்று. பையன் வெளிறிய முகத்தோடு உட்கார்ந்தான். “சாருக்கு டெம்பர் வந்துவிட்டது” என்று யாரோ மெல்லச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஆயினும் அந்தப் பையனின் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மாலையில் பள்ளி நூலகத்துக்குச் சென்று பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். ஐந்து நிமிடங்களில் உண்மை தெரிந்தது. பையன் கேட்டதே சரி. நான் சொன்னதுதான் தவறு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள்.

அந்த வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘தெம்பெராரே’ என்பது அங்கே ஒரு வினைச்சொல். ஒன்றோடு ஒன்றைத் தக்க அளவில் கலப்பது என்று அதற்குப் பொருள். அளவு மீறாமல் நிறுத்திக்கொள்வது என்றும் பொருள். பண்டை உரோமையர் திராட்சை இரசத்தை அப்படியே குடிப்பதில்லை. தண்ணீர் கலந்து அதன் வேகத்தைத் தணித்தே பந்தியில் வைப்பார்கள். கலவாத மதுவை அருந்துவது நாகரிகமற்றோர் செயல் என்பது அவர்கள் எண்ணம். மதுவில் நீர் கலக்கும் இச்செயலுக்கும் அவர்கள் இதே வினைச்சொல்லை வழங்கினார்கள். திருப்பலியில் குருவானவர் இரசத்தோடு சிறிது தண்ணீர் சேர்ப்பதை நாம் ஞாயிறுதோறும் காண்கிறோம் அல்லவா? அதற்குத் திருச்சபை தரும் ஞானப்பொருள் வேறு. ஆனால் அதன் பின்னணியில் இருப்பது பழங்காலத்து மக்களின் இந்தப் பந்தி வழக்கமே.

சிந்தித்துப் பாருங்கள். மதுவில் நீர் கலப்பதைக் குறித்த ஒரு சொல், பிற்காலத்தில் மதுவையே தொடாதிருப்பதற்குப் பெயராயிற்று. சொற்களுக்கும் மனிதரைப் போலவே எதிர்பாராத வாழ்க்கை வாய்க்கிறது.

இந்த வேரிலிருந்து பிறந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே நடமாடுகின்றன. காய்ச்சலை அளக்கும்போது நாம் கேட்கும் ‘டெம்பரேச்சர்’ அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் அச்சொல் கலவையையும் மிதமான நிலையையும் குறித்தது. ‘டெம்பரமென்ட்’ இன்னொன்று. மனித உடலில் நான்கு வகை நீர்மங்கள் உள்ளன என்றும், அவை கலந்திருக்கும் விகிதமே ஒருவனுடைய சுபாவத்தைத் தீர்மானிக்கிறது என்றும் மேனாட்டுப் பழைய வைத்தியர்கள் நம்பினார்கள். வாதம், பித்தம், கபம் என்று நம் சித்த வைத்தியர்கள் கூறுவதை ஒத்த ஓர் எண்ணம் அது. சுவருக்குப் பூசுகிற ‘டிஸ்டெம்பர்’ கூட இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வண்ணப் பொடியை நீரில் கரைத்துக் கலப்பதால் வந்த பெயர் அது.

சமையலறையையும் விட்டுவைக்கவில்லை இந்தச் சொல். போர்த்துக்கீசிய மொழியில் ‘தெம்பெரார்’ என்றால் உணவுக்குப் பக்குவமாகச் சுவை கூட்டுவது. நாம் கடுகும் கறிவேப்பிலையும் இட்டுத் தாளிப்பதை இலங்கையில் ஆங்கிலம் பேசுவோர் ‘டெம்பர் செய்வது’ என்றே சொல்கிறார்கள். அங்கே சிங்கள மொழியிலும் ‘தெம்பராது’ என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து தங்கிவிட்டது. தாளிப்பில்லாத குழம்பைப் பரிமாறினால் முகம் சுளிக்கிற நாம், தாளிப்பும் தன்னடக்கமும் உடன்பிறப்புகள் என்பதை அறியாமலே இருக்கிறோம்!

ஆனால் என்னை அன்று நாற்காலியிலிருந்து எழவிடாமல் செய்தது ‘டெம்பர்’ என்ற சொல்லின் கதை. அது முதலில் கோபத்தைக் குறிக்கவே இல்லை. மனம் சரியான கலவையில், நிதானமாக இருக்கும் நிலையே ‘டெம்பர்’. கோபம் கொண்டவனை ஆங்கிலேயர் ‘டெம்பரை இழந்தான்’ என்றார்கள். நிதானத்தை இழந்தான் என்று பொருள். பொறுத்துக்கொண்டவனை ‘டெம்பரைக் காத்துக்கொண்டான்’ என்றார்கள். நாளடைவில் இழப்பதைப் பற்றிய பேச்சே மிகுந்துபோய், இழந்த பொருளின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. நிதானத்தைக் குறித்த சொல் கோபத்தைக் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது பழைய பொருள் முற்றிலும் உதிர்ந்துவிட்டிருந்தது.

எஃகைப் பக்குவப்படுத்துவதற்கும் இதே பெயர்தான். எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் நான் சிறுவனாக நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. சிவக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் அது மிகுந்த கடினம் பெறும். ஆனால் அந்தக் கடினத்தோடு விட்டுவிட்டால், ஓர் அடியில் கண்ணாடி போல் உடைந்துவிடும். ஆதலால் அதை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி ஆறவிட வேண்டும். சிறு கருவிகளுக்கு ஏறக்குறைய 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். கடினத்தில் சிறிது குறையும். அந்த இழப்புக்கு ஈடாக அடி தாங்கும் உறுதி கிடைக்கும். இந்த இரண்டாம் சூட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் ‘டெம்பரிங்’ என்று பெயர். முதற்சூட்டோடு நின்றுபோன ஓர் இரும்பை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வினைச்சொல்லிலிருந்து வந்த ‘தெம்பெரான்சியா’ என்ற பெயர்ச்சொல்லை ஒழுக்க நூலில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் உரோமைப் பேச்சாளர் சிசரோ. கிரேக்கர் ‘சோஃப்ரொசுனே’ என்று போற்றிய பண்பை இலத்தீனில் எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கி, இரண்டு மூன்று சொற்களைச் சொல்லிப் பார்க்கிறார். அவற்றுள் ஒன்று இது. கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘நலமுற்ற மனம்’ என்பதாகும். சாலமோனின் ஞான நூல் எட்டாம் அதிகாரத்தில் நான்கு தலையான புண்ணியங்கள் வரிசையாகக் கூறப்படும் இடத்தில் முதலாவதாக வருவதும் இந்தக் கிரேக்கச் சொல்லே. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் ஆவியின் கனிகளுள் கடைசியாகக் கூறுவது வேறொரு சொல். தன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பது என்று அதற்குப் பொருள். 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்கும் ‘டெம்பரன்ஸ்’ என்றே போட்டது. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்து, 14ஆம் நூற்றாண்டளவில் நிலைபெற்றுவிட்ட சொல் அது.

நம் பழைய ஞானோபதேசத்தில் போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியமாக ‘மட்டசனம்’ என்று மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. அளவறிந்து உண்பது. உண்ணாதிருப்பது அன்று! சிறு வயதில் அதைப் பொருள் தெரியாமலே ஒப்பித்தோம்.

அப்படியானால் இந்தச் சொல் குடிமறுப்புக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது எப்போது? அது 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. 1826ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஒரு டெம்பரன்ஸ் சங்கம் தோன்றியது. முதலில் சாராயம் போன்ற வடித்த மதுவகைகளைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். பீரையும் திராட்சை இரசத்தையும் விட்டுவைத்தார்கள். பின்னர் 1832இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி என்பவரும் வேறு ஆறு பேரும் எவ்வகை மதுவும் வேண்டாம் என்று கையெழுத்திட்டார்கள். ‘டீடோட்டலர்’ என்ற சொல்லும் அந்த ஊர்க்கூட்டத்தில் பிறந்ததுதான். தேநீர் மட்டும் குடிப்பவர் என்று நம்மில் பலர் அதற்குப் பொருள் கொள்கிறோம், அது பிழை. ‘முழுக்க’ என்ற சொல்லின் முதலெழுத்தை அழுத்தத்துக்காக இருமுறை ஒலித்ததே அது.

கத்தோலிக்கரிடையே இவ்வியக்கத்தின் பெருந்தலைவர் அயர்லாந்து நாட்டுக் கப்புச்சின் குரு தியோபால்டு மேத்யூ. 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கார்க் நகரில் கடவுளின் பெயரால் முதற்கையெழுத்தை அவரே இட்டார். இலட்சக்கணக்கான ஏழை மக்கள் அவர் முன் வாக்குறுதி எடுத்தார்கள். பின்னாளில் டப்ளின் நகரத்துக் கூலித்தொழிலாளி மேட் டால்பட், பதினாறு ஆண்டுக் குடியை 1884இல் விட்டு, 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்டவர் எவரும் இவர்களைக் குறைத்துப் பேசமாட்டார். நானும் பேசவில்லை. குடிநோய் கொண்டவனுக்கு ‘அளவோடு’ என்ற பேச்சே கிடையாது என்பதையும் அறிவேன்.

என் குறை வேறு. தமிழில் ‘டெம்பரன்ஸ்’ என்பதை நாங்கள் ‘மதுவிலக்கு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, அத்தோடு அந்தப் புண்ணியத்தின் கணக்கை முடித்துவிட்டோம்.

எங்கள் பங்கில் ஒரு மதுவிலக்குச் சபை இருந்தது. என் தந்தையார் அதன் செயலாளர். 1955இல், என் பதினைந்தாம் வயதில், பீடத்தின் முன் முழந்தாளிட்டு நானும் வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை ஒரு துளி தொட்டதில்லை. என் தந்தையாரும் தொட்டதில்லை. ஆனால் மாலையில் அவருடைய செருப்போசை தெருமுனையில் கேட்டதும் எங்கள் வீட்டில் பேச்சு அடங்கிவிடும். சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் தட்டு பறக்கும். அம்மா சிதறிய பருக்கைகளைப் பொறுக்குவார்கள். மறுநாள் காலை அப்பா திருப்பலியில் நற்கருணை வாங்குவார். இதில் முரண்பாடு ஏதேனும் உண்டு என்று அந்த வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. அப்பா குடிக்காதவர், ஆகவே நல்லவர். அவருக்குப் பின் நானும் குடிக்காதவன், ஆகவே நல்லவன்.

என் தம்பி குடித்தான். என்னைவிட ஐந்து வயது இளையவன். 1979ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து அம்மாவோடு வீடு திரும்பினேன். அவன் திண்ணையில் விழுந்து கிடந்தான். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவன் நிலையைவிட அவர்கள் பார்த்துவிட்டார்களே என்பதுதான் எனக்குப் பெரிதாயிற்று. குடத்துத் தண்ணீரை அவன் தலையில் கொட்டினேன். உள்ளே சென்று அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்து தெருவில் எறிந்தேன். பெட்டி திறந்துகொண்டு துணிகள் சிதறின. கைபட்டு வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரமும் கிழிந்து விழுந்தது. “இந்த வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன்” என்றேன். அவன் நனைந்த சட்டையோடு துணிகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தான். ஒரு சொல்லும் பேசவில்லை.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துச் சொன்னார்கள்: “அவன் குடிச்சிட்டு வந்து கிடந்தான். நீ குடிக்காமலே ஆடுனே. ரெண்டு பேரையும் நான்தானே பெத்தேன்.”

அம்மா 1983இல் காலமானார்கள். அடக்கத்துக்கு வந்தவன் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றான். நான் ஒரு பிடி மண் போட்டுத் திரும்பியபோது அவன் அங்கே இல்லை. திண்டுக்கல்லில் ஒரு கடையில் வேலை செய்கிறான் என்றும், திருமணம் செய்துகொண்டான் என்றும் பிறர் சொல்லக் கேட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை. வராததற்கும் அவன் மீதே கோபப்பட்டேன்.

இவையெல்லாம் அந்த அகராதியின் முன் உட்கார்ந்திருந்தபோது வரிசையாக வந்து நின்றன. மறுநாள் வகுப்பில் அந்தப் பையனிடம், “நீ கேட்டதுதான் சரி, நான் சொன்னது பிழை” என்றேன். அவன் நம்பாமல் என் கையைப் பார்த்தான், பிரம்பு இருக்கிறதா என்று.

சில வாரங்கள் சென்றபின் எங்கள் பங்குத் தந்தையிடம் இந்தச் சொல்லாராய்ச்சியைக் கூறினேன். தம்பி கதையைக் கூறவில்லை. அவர் உரோமையில் படித்தவர். மேசை அறையைத் திறந்து, பதுவை நகரில் வாங்கிவந்த பட அட்டைகளை எடுத்தார். நம் புனித அந்தோனியாரின் பேராலயம் உள்ள அந்நகரில், 1305ஆம் ஆண்டளவில் ஜோத்தோ என்ற ஓவியர் வண்ணம் தீட்டிய சிற்றாலயம் ஒன்று உண்டு. ஸ்க்ரொவேஞி சிற்றாலயம் என்று பெயர். அதன் சுவர்களில் ஒரு பக்கம் ஏழு புண்ணியங்களும், அவற்றுக்கு நேர் எதிரே ஏழு தீய குணங்களும் பெண்ணுருவாகவும் ஆணுருவாகவும் வரையப்பட்டுள்ளன. தெம்பெரான்சியா வாயில் கடிவாளம் பூண்டு, வாளை உறையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அமைதியாக நிற்கிறாள்.

“எதிர்ச் சுவரில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார் தந்தை.

“குடிகாரன்” என்றேன்.

அவர் அடுத்த அட்டையை நீட்டினார். தலை பின்னே சாய, தன் மார்பின் மீதுள்ள உடையைத் தன் இரு கைகளாலும் கிழித்துக்கொள்ளும் ஒரு பெண். “கோபம்” என்றார்.

புனித தாமஸ் அக்குயினாரும் இவ்வாறே வகுத்திருக்கிறார் என்று அவர் மேலும் விளக்கினார். தன்னடக்கத்தைப் பற்றிய நீண்ட பகுதியில் நோன்பும் கற்பும் மட்டும் அல்ல, சினத்தைத் தணிக்கும் சாந்தமும் தாழ்ச்சியும்கூட இடம்பெறுகின்றன. இயற்கையான இன்பங்களைக் காரணமின்றி வெறுத்து ஒதுக்குவதையும் ஒரு குறையாகவே அவர் எண்ணுகிறார். நன்னோக்கத்தோடு துறப்பது வேறு என்கிறார். இன்னும் சில படங்களையும் தந்தை காட்டினார். பிற்கால ஓவியர் சிலர் கடிவாளத்தை விட்டுவிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நீர் வார்க்கும் பெண்ணாக இப்புண்ணியத்தை வரைந்திருக்கிறார்கள். இரசத்தில் நீர் கலக்கிறாள். பழைய இலத்தீன் பொருளை அவர்கள் மறக்கவில்லை.

நான் ஜோத்தோவின் இரண்டு அட்டைகளையும் இரவல் கேட்டேன். அவர் காரணம் கேளாமல் கொடுத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டேன். பேருந்தில் நெடுநேரம், என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ‘நான் செய்தது தவறு’ என்று தொடங்கும் வாக்கியம் ஒவ்வொரு முறையும் ‘ஆனால் நீயும்’ என்று முடிந்தது. ஊர் வந்து இறங்கும் வரை அதற்கு வேறு முடிவு எனக்குக் கிடைக்கவில்லை.

ஓட்டு வீடு. கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்ததில்லை. ஆயினும் முகச்சாயலால் கண்டுகொண்டாள் போலும். “வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தாள். தம்பி எழுந்து வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைவிட மூத்தவன்போல் இருந்தான். நான் ஒத்திகை பார்த்ததில் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதியை, எப்படியோ, சொல்லாமல் விட்டேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அண்ணே, நான் இன்னும் முழுசா விடலே. பொய் சொல்ல விரும்பலே. இப்பக் கொஞ்ச நாளாத்தான் இல்லாம இருக்கேன்” என்றான்.

என் நெஞ்சில் அந்தப் பழைய சூடு ஏறியது. ஏறுவது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் ஒருநாளும் அது ஏறும்போது எனக்குத் தெரிந்ததில்லை; ஏறி முடிந்து, பாத்திரம் உடைந்த பிறகே தெரியும். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். பேசவில்லை.

அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. நான் கை நீட்டினேன். “சூடு அதிகமா இருக்கு, இருங்கண்ணே” என்று தம்பி டம்ளரை வாங்கிக்கொண்டான். டபராவில் ஊற்றினான், டம்ளரில் ஊற்றினான். மீண்டும் டபராவில், மீண்டும் டம்ளரில். சிறு வயதில் அம்மா எனக்குச் செய்ததுபோல், ஒரு சொட்டும் சிந்தாமல், கையை உயர்த்தி உயர்த்தி ஆற்றினான். கை சிறிது நடுங்கியது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்பக் குடிங்க” என்று நீட்டினான்.